வழிப்பாத்தியம்

பதினேழு பி. நடு இருக்கை.
இரண்டு பட்டாதாரர்களுக்கு நடுவே
ஒன்றரை அடிக்கும் குறைவான அகலத்தில் நான்.

பதினாறு வருஷம் பல்லடம் தாலுகாவில்
சங்கிலி பிடித்து நடந்தவள்.
வரப்பு நகர்ந்த கதைகள் எத்தனையோ கேட்டாயிற்று.
எலி நகர்த்தியது, மழை நகர்த்தியது,
பங்காளி மட்டும்
ஒருநாளும் நகர்த்தியதில்லை.

வலப்பக்கம் காங்கேயத்து அரிசி ஆலைக்காரர்.
சட்டைப் பையில் துருத்தும் போர்டிங் பாஸில்
பொங்கியண்ணன் என்றிருக்கிறது.
உட்காரும்போதே முழங்கையைக் கைப்பிடியில் வைத்து
கிரயம் முடித்துவிட்டார்.
முழங்கால் என் பக்கம் ஒரு விரற்கடை.
அது வளரும்.
உழவில் சாலுக்குச் சால் வளர்கிற மாதிரி
கண்ணுக்குத் தெரியாமல் வளரும்.

இடப்பக்கம் ஜன்னலோரம் ஒரு கல்லூரிப் பையன்.
இரு காதும் அடைத்து, கண்ணும் மூடி,
ஊரிலேயே இல்லாத நிலச்சொந்தக்காரன்.

பீளமேட்டை விட்டு விமானம் கிளம்பக் காணோம்.
ஹைதராபாத்தில் மழையாம்.
காத்திருப்பதற்கு நன்றி என்கிறார்கள்,
காத்திருக்கட்டுமா என்று நாங்கள் கேட்காமலே.

தாராபுரம் பஸ்ஸாக இருந்தால்
"தள்ளி உக்காருங்" என்றிருப்பேன்.
அவிநாசிபாளையம் வருவதற்குள்
அவர் போர்வெல் எத்தனை அடி,
எத்தனையில் தண்ணீர், எத்தனையில் புகை
எல்லாம் எனக்குத் தெரிந்திருக்கும்.
இங்கே தோலோடு தோல் உரசுகிறது,
கண்ணோடு கண் பார்ப்பதுதான் அத்துமீறல்.

முக்கால் மணி நேரம் பொறுத்தேன்.

"ஏனுங்க,
அந்தக் கை எங்க காட்டுல இருக்குதுங்."

வேறு யாருடையதோ போலத் தன் கையைப் பார்த்தார்.
"கல்லு எங்கீங்க நட்டிருக்குது?"
"கல்லே இல்லீங்க. அதுதான் வம்பே."

சிரிக்கவில்லை.
கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்,
இன்னொரு கையையும் அதன்மேல் வைத்து,
மனு கொடுக்க வந்தவர் மாதிரி.
கைப்பிடி காலியாகக் கிடந்தது.
நானும் வைக்கவில்லை.
ஜெயித்த நிலத்தில் உடனே கால் வைத்தால்
நன்றாகவா இருக்கும்?
புறம்போக்காய் அப்படியே கிடந்தது.

பையன் விழித்தான். பின்பக்கம் கை காட்டினான்.
உள்காட்டுக்காரனுக்கு வழி விடாவிட்டால்
எந்தக் கோர்ட்டும் ஒப்பாது.
பொங்கியண்ணன் எழுந்தார், நான் எழுந்தேன்,
மூன்று சாரி சொல்லிக்கொண்டு
இட்டேரியில் இறங்கிப் போனான்.
அவன் திரும்பி வரும்வரை
நாங்கள் இருவரும் நின்றுகொண்டே இருந்தோம்,
பேச ஒன்றுமில்லாமல்,
பேசாமலிருக்கவும் தெரியாமல்.

அப்புறம் ஒருவழியாக ஓடியது விமானம்.
சக்கரம் தரையை விட்ட நொடியில்
அந்தக் கை திரும்ப வந்து கைப்பிடியைப் பற்றியது.
பவழ மோதிரம், வெளுத்த விரல்முட்டி.
மூச்சுக்குள் ஏதோ சாமி பெயர்.
ஆக்கிரமிப்புதான்.
நான் நோட்டீஸ் கொடுக்கவில்லை.

மேலிருந்து பார்த்தால் எல்லையே தெரியாது என்று
யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள்.
பொய்.
மேலிருந்துதான் நன்றாகத் தெரிகிறது.
கிளுவை வேலி கிளுவை வேலியாக,
தென்னை வரிசை வரிசையாக,
காற்றாலைக்குப் போகும் மண்தடம்,
அண்ணனும் தம்பியும் பேசாமல் போன
அந்த முக்கோணத் துண்டு,
அதுதானா? சூலூரா, பல்லடமா?
கிணறு இருந்தால் அதுதான்,
கிணறு எங்கே,

நெற்றி கண்ணாடியில் முட்டியபோதுதான் பார்த்தேன்.
என் தோள் பையனின் மார்புக்குக் குறுக்கே.
என் பின்னல் அவன் மடியில்.
இருக்கையோடு ஒட்டிக்கொண்டு,
வயிற்றை எக்கி,
எனக்கு வழி விட்டுக்கொண்டிருக்கிறான்.
எவ்வளவு நேரமாகவோ.

"சாரிங்க தம்பி."

ஒரு காதை மட்டும் திறந்தான்.
"பரவால்லீங்க. அது எந்த ஊருங்க?"

சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் மேகம்.